துவரிமானும் மேலக்காலும் ஒரே ஊரான கதை

புள்ளியியல் வேலைக்கு எந்த எடிட்டர் நல்லது என்று துறையில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். நிறம், எழுத்துரு, ஷார்ட்கட் எல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். கோப்பு எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று திரையின் அடியிலேயே காட்டுகிறதா? அதை முதலில் பாருங்கள். அதைப் பார்க்காததால் எனக்கு மூன்று வாரம் போனது.

கோச்சடையில் தொடங்கி, அதையும் சேர்த்து ஐந்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க் குடிநீர்ச் செலவைக் கேட்டு எழுதினேன். ஊர்ப்பெயர், குடும்பத் தலைவர் பெயர் எல்லாம் தமிழில். "எடிட்டர் எல்லாம் எதுக்கும்மா? அட்டவணையிலயே திருத்திரு" என்றார் ஒரு சீனியர். திருத்தினேன். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதை விட்டுவிட்டு வெறும் 'சிஎஸ்வி'யைத் தேர்ந்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் ஆர் மொழியில் ஊர்வாரியாக எண்ணினால் நான்கு ஊர்தான் வந்தது. தமிழெல்லாம் கேள்விக்குறி. நமக்குக் கோச்சடை நான்கு எழுத்து. யூனிகோடுக்கு க, ஓகாரக் குறி, ச, புள்ளி, ச, ட, ஐகாரக் குறி என்று ஏழு. அதனால் ஏழு கேள்விக்குறி. கீழமாத்தூருக்குப் பதினொன்று, விராட்டிபத்துக்குப் பதின்மூன்று. குறிகளை எண்ணியே இந்த மூன்றையும் மீட்டேன். துவரிமானுக்கும் மேலக்காலுக்கும் ஒன்பது ஒன்பது! தலைவர் பெயரும் போய்விட்டதால் பிரிக்க வழியில்லை. அந்த இரண்டு ஊர்ப் படிவங்களையும் கட்டவிழ்த்து முதலிலிருந்து தட்டினேன். சீனியர் ஒரு படிவம்கூடத் தட்டித் தரவில்லை.

இப்போது தரவுக் கோப்பை நோட்பேட்++ தவிர வேறெதிலும் தொடுவதில்லை. வலது கீழ் மூலையில் யுடிஎஃப்-8 என்று அதுவே சொல்லிவிடும். நிரல் எழுத ஆர்ஸ்டுடியோ. விஎஸ் கோடும் என்கோடிங்கைக் காட்டும், ஆனால் நம் 4 ஜிபி மடிக்கணினி திணறும். ஈமேக்ஸ், விம் பழகாதவன் நிரலாளனே இல்லை என்பவர்களுக்கு என்னிடம் நேரமில்லை. நமக்கு ஆய்வேடு முடிய வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஆர் 4.2-க்குக் கீழே இருக்காதீர்கள். 2022-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் அங்கே யுடிஎஃப்-8 இயல்பானது.

எந்த எடிட்டரை எடுத்தாலும் சரி, மூலக் கோப்பை இன்றைக்கே 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள்.