குத்துவிளக்கும் குறுக்குச்சுவரும்

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலில் பொங்கலன்று குத்துவிளக்கு ஏற்றி, பீடத்துக்கு ஆரத்தி எடுத்தார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நாத்தனார், "இது விக்கிரக ஆராதனை" என்கிறார். ஊர் வழக்கத்தை எதுவரை விசுவாசத்தோடு சேர்க்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கலங்க வேண்டாம், சகோதரி. விளக்கும் ஆரத்தியும் உங்கள் பங்குத்தந்தை தாமாகப் புகுத்தியவை அல்ல. இந்திய ஆயர்கள் கேட்டு, 1969-இல் ரோமாபுரி அனுமதித்த 12 மாற்றங்களில் அவையும் உண்டு.

ஆனால் நாத்தனாரின் அச்சத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். இருவருமாகத் திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பிற இனத்தார் கிறிஸ்துவிடம் வர விருத்தசேதனம் தேவையா என்று எருசலேமில் கூடிப் பேசி, தேவையில்லை என முடிவு செய்தார்கள். சிலைகளுக்குப் படைத்ததை உண்ணலாகாது என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் போதும் என்றார்கள். அந்த விலக்கைத்தான் உங்கள் நாத்தனார் நினைக்கிறார். அவர் மனசாட்சி ஒப்பாவிட்டால் விளக்கின் முன் நிற்க வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து, கலாத்தியர் 2. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் உண்டுவந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டார். நீங்கள் கேட்ட எல்லை இங்கேதான் இருக்கிறது. ஒரே பந்தியில் உட்கார விடாத வழக்கம் எதுவானாலும் கிறிஸ்தவத்துக்கு ஆகாது.

தமிழ்நாட்டில் நாம் சறுக்கியதும் இங்கேதான். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், புலால் தவிர்த்தார், தமிழும் வடமொழியும் கற்றார். சக குருவே அவர்மேல் புகார் எழுதினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்தார். நொபிலியின் உழைப்பின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும், சாதியையும் வெறும் உலக வழக்கம் என்று கருதி உள்ளே விட்டது பெருங்கேடு.

அந்தக் கேடு எங்கே கொண்டுவிட்டது என்று பாருங்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த பரலோக மாதா கோயிலுக்கு ஒரே பீடம். அங்கிருந்து கவட்டை போல இரண்டு கூடங்கள் பிரிந்தன. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே தடுப்பு. ஒரே பூசைக்கு வந்தவர்கள் அப்படிப் பிரிந்து முழந்தாளிட்டார்கள். 1910-இல்தான் அந்தத் தடுப்பை இடித்தார்கள். அதற்கும் வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள்.

ஆகவே பங்குப் பேரவையில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. திரிகளை ஏற்ற யார் யாரை அழைத்தார்கள்? எந்தத் தெருக்காரரை அழைக்கவில்லை? தங்கள் முன்னோரை வாசலிலேயே நிறுத்திய இந்துக் கோயில்களின் நினைவு ஆரத்தியைப் பார்க்கும் தலித் குடும்பங்களுக்கு வரலாம். அவர்களிடம் யாராவது கேட்டார்களா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய போதகர் தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதை விசுவாசத்தின் மையமாக வைத்தார். அடுத்த பொங்கலுக்கு உங்கள் கோயிலிலும் பறை முழங்கட்டும். பூசை முடிந்ததும் எல்லாத் தெருக்காரருக்கும் ஒரே பந்தி போடச் சொல்லுங்கள்.