எந்த ஓடிபிசி டிரைவர் இருக்கிறது? கணினியிடமே கேளுங்கள்

நெய்வேலி நகரியத்தை ஒட்டி, மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் சின்ன அலுவலகங்களுக்கு மாதக் கடைசி என்றால் சம்பளக் கணக்குதான். விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தோடு வந்த பழைய மென்பொருள்கள் பல, ஆள் வந்துபோன நேரத்தை அக்சஸின் எம்டிபி கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பைச் சம்பள மென்பொருள் படித்தால்தான் தொழிலாளிக்குச் சம்பளம் போடமுடியும். புதுக் கணினிக்கு மாறிய மறுநாள் ‘டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்’ என்று திரை மறித்துக்கொண்டால், பலர் இணையத்தில் கிடைக்கிற டிரைவரையெல்லாம் வரிசையாக நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் போடுங்கள். பார்ப்பதற்கு ஒரே ஒரு கட்டளை போதும்.

ஓடிபிசி என்பது 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏற்பாடு. மென்பொருள் ஒரே மாதிரி கேள்வி கேட்கும். அக்சஸ், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் என்று ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் உரிய டிரைவர் அதை அந்தத் தளத்துக்குப் புரியும்படி கொண்டுசேர்க்கும். கீழே வரும் கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்திலேயே அடிக்கவேண்டும்.

விண்டோஸ் 8 முதல் எந்தக் கணினியானாலும், ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பவர்ஷெல் என்று தேடித் திறங்கள். பட்டியலைப் பார்ப்பதற்கு அட்மின் உரிமை வேண்டாம். அதில்,

கெட்-ஓடிபிசிடிரைவர் | ஃபார்மேட்-டேபிள் நேம், பிளாட்ஃபார்ம் -ஆட்டோசைஸ்

என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓடிபிசிக்கும் டிரைவருக்கும் நடுவே இடைவெளி கூடாது. இடதுபக்கம் டிரைவரின் பெயர், வலதுபக்கம் 32-பிட், 64-பிட் என்ற குறிப்பு வரும்.

பெரும்பாலான சிக்கல் அந்த வலதுபக்கத்தில்தான் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் டிரைவர் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. 32-பிட் மென்பொருள் 32-பிட் டிரைவரை மட்டுமே பயன்படுத்தமுடியும், 64-பிட்டுக்கும் அப்படியே. பெயர் கண்ணெதிரே இருந்தும் மென்பொருள் இல்லை என்று சொல்வது இதனால்தான். விண்டோஸோடு வரும் பழைய ‘மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டிரைவர்’ எம்டிபி கோப்பை மட்டும் படிக்கும். அது 32-பிட்டில் மட்டுமே உண்டு. அக்சஸின் புதிய வகையான ஏசிசிடிபி கோப்பு வேண்டுமானாலோ, 64-பிட் மென்பொருள் எம்டிபியைத் திறக்கவேண்டுமானாலோ, அக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சினைத் தனியே நிறுவவேண்டும். அதற்கு முன் எம்எஸ் ஆஃபீஸ் எத்தனை பிட் என்று பார்த்துவிடுங்கள். 64-பிட் ஆஃபீஸ் இருக்கும் கணினியில் 32-பிட் எஞ்சினின் நிறுவி முரண்டுபிடித்து நின்றுவிடும்.

மென்பொருள் எத்தனை பிட் என்று அறிய, அதை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். பிழைச்செய்தியும் துப்பு தரும். ஐஎம்002 என்றால் டிஎஸ்என் (டேட்டா சோர்ஸ் நேம்) அல்லது டிரைவரின் பெயர் கிடைக்கவில்லை. ஐஎம்014 என்றால் பிட் பொருந்தவில்லை. அங்கே புதிதாக எதையும் நிறுவும் முன் இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

மவுஸால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓடிபிசிஏடி32 என்ற நிரல் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பெயர். சிஸ்டம்32 அடைவில் இருப்பது 64-பிட். சிஸ்வாவ்64 அடைவில் இருப்பது 32-பிட். பெயரை நம்பித் திறந்தால் தலைகீழாகப் போகும்.

எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்கள் எண்ணையும் கவனியுங்கள். ‘எஸ்கியூஎல் சர்வர்’ என்று வெறுமனே வருவது விண்டோஸோடு வரும் பழையது. ‘ஓடிபிசி டிரைவர் 17’, ‘18’ என்பவை பின்னால் வந்தவை. 2022-இல் வந்த 18, இணைப்பை இயல்பாகவே மறையாக்கம் செய்யச்சொல்லும். சர்வரின் சான்றிதழ் நம்பகமானதாக இல்லையென்றால் இணைப்பு நிற்கும். 17-இல் ஓடிய மென்பொருள் 18-இல் தடுக்கினால் முதலில் அங்கே பாருங்கள்.

ஜாவாவில் எழுதிய மென்பொருளா? அதன் ஜேடிபிசி டிரைவர் ஒரு ஜார் கோப்பாக அந்த மென்பொருளின் அடைவிலேயே இருக்கும். அதை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதிலும் மற்ற லினக்ஸ்களிலும் யூனிக்ஸ்ஓடிபிசி தொகுப்பை நிறுவிவிட்டு, டெர்மினலில்,

ஓடிபிசிஇன்ஸ்ட் -கியூ -டி

என்று அடியுங்கள். ஓடிபிசி என்பதோடு இன்ஸ்டால் என்பதன் முதல் நான்கு எழுத்தைச் சேர்த்து, எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடிக்கவேண்டும். சதுர அடைப்புக்குள் பெயர்கள் வரும். ஒன்றும் வரவில்லையென்றால் -ஜே என்ற குறியோடு அடித்துப் பாருங்கள். எந்த ஐஎன்ஐ கோப்பைப் படிக்கிறது என்று சொல்லும். இங்கே வருவது அந்தக் கோப்பில் பதிந்த பெயர்தான். டிரைவர் கோப்பு வட்டில் இருப்பதற்கு அது சான்றல்ல. ஐஎன்ஐ கோப்பைத் திறந்து ‘டிரைவர்’ என்ற வரியில் உள்ள பாதையை எடுத்து, எல்டிடி கட்டளைக்குக் கொடுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் நூலகம்தான் குறை.

இதையெல்லாம் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைப்பது நல்லது. பவர்ஷெல் கட்டளையின் முடிவில் > குறியும் ‘பழையது.டிஎக்ஸ்டி’ போல ஒரு கோப்புப் பெயரும் சேர்த்தால் பட்டியல் கோப்பாகப் பதிவாகிவிடும். புதுக் கணினியிலும் அதேபோல் எடுத்து, இரண்டையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், எண், பிட் மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தாத வரிகளைக் குறித்து, அவற்றை மட்டும் தரவுத்தளத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.