படகுக்கு ஓடாத ஆசிரியர்

குறிகட்டுவான்,
புங்குடுதீவு.

அன்பின் பிள்ளைக்கு,

பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைக்கு உம்மைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள் என்று வாசித்து மனம் நிறைந்தது. பொறுப்பெடுத்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு நுழைவாயில் வளைவு ஒன்று கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். வளைவைப் பிறகு பார்க்கலாம் பிள்ளை. முதலில் ஆளைப் பாரும். எங்கள் தீவுப் பள்ளிக்கூடங்கள் இன்று தவிப்பது கற்பிக்க ஆளில்லாமல்தான்.

நீர் நெடுந்தீவில் படித்த காலத்தில் இருந்த நிலைமை பெரிதாக மாறவில்லை. காலையில் இந்தக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸில் வந்து இறங்கும் ஆசிரியர்கள், ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் திருத்திய கொப்பிக் கட்டுமாக நெடுந்தீவுப் படகுக்கு நிற்பார்கள். கடலில் ஒரு மணித்தியாலம் போகவேண்டும். சோளகம் வீசத் தொடங்கினால் அதற்கும் மேலே. கடல் கடுமையானால் படகே ஓடாது. பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பும் படகைப் பிடிக்க ஓடவேண்டும். நானும் ஓய்வு பெறும்வரை அப்படி ஓடினவள்தான். கணக்கில் தடுமாறும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி இன்னொரு தரம் சொல்லிக்கொடுக்கப் பின்னேரம் என்ற ஒன்று எங்களுக்கு இருக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு அந்தக் குறையை ரியூசன் நிரப்பும். தீவுப் பிள்ளைக்கு வாத்தியார் படகேறினால் பாடமும் படகேறிவிடும்.

ஆகவே உங்கள் கிளை மூன்று வேலைகளை எடுக்கட்டும்.

முதலாவது, ஆசிரியர் தங்கும் இடம். கதவு பூட்டக்கூடிய அறை, நல்ல தண்ணீர், மின்விசிறி, நுளம்பு வலை, சமைக்க ஒரு அடுப்பு. இவை ஒழுங்காக இருந்தால் கிழமை நாளில் தீவிலேயே தங்க மனமுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்பது உமக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இளம் ஆசிரியை ஒருவர் பயமில்லாமல் தங்கக்கூடிய அறை, ஒரு வளைவைவிடப் பள்ளிக்கூடத்தை உயர்த்தும்.

இரண்டாவது, தொண்டர் ஆசிரியர். உயர்தரம் முடித்தவர்களும் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்பவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மாதப்படி கொடுத்துப் பின்னேர வகுப்பு எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்தப் படி மாதாமாதம் தவறாமல் வரவேண்டும். மூன்று மாதம் கொடுத்து நாலாம் மாதம் நிறுத்தினால், தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். தரம் 6இல் சேரும் பிள்ளை சாதாரண தரம் எழுத ஆறு வருசம் செல்லும். உங்கள் திட்டமும் அந்தப் பிள்ளையோடு ஆறு வருசம் நடக்கவேண்டும்.

மூன்றாவதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். கோடையில் ரொறன்ரோவில் வெள்ளி இரவு 9.30 என்றால் எங்களுக்குச் சனி காலை 7.00. குளிர்காலத்தில் உங்களுக்கு 8.30. அந்த ஒரு மணித்தியாலத்தில் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இங்குள்ள பிள்ளைகளோடு சூமில் ஆங்கிலத்தில் கதைக்கலாம். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் படிப்பிக்கலாம். காசு கொடுக்க வசதியில்லாத பழைய மாணவருக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் ஒன்று: வருவேன் என்று சொன்னவர் வரவேண்டும். கணினிக்கு முன்னால் காத்திருந்து ஏமாந்த பிள்ளை அடுத்த சனி வராது.

இனிக் காசு சேர்க்கும் வழி. புங்குடுதீவார் கனடாவில் ‘பூவரசம் பொழுது’ எடுப்பதுபோல நீங்களும் கலைவிழாவோ இராப்போசனமோ வைக்கத்தான் வேண்டும். சனத்தை ஒன்றுசேர்க்க அது தேவை. ஆனால் அந்த ஓரிரவு வசூலை மட்டும் நம்பி மாதப்படி கொடுக்க முடியாது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒலியமைப்புக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கையில் எடுக்கும்வரை தெரியாது. விழாவுக்கு வந்தவர்களிடம் அங்கேயே மாதச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்கும். மாதம் 10 டொலர் தரும் 100 பேர் சேர்ந்தால் மாதம் 1,000 டொலர். பெரிய மனிதர் ஒருவரின் மனநிலையை நம்பியிருக்கத் தேவையில்லை. வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டை அங்கே பதிவுபெற்ற அறக்கொடை நிறுவனம்தான் கொடுக்கலாம். அந்தப் பதிவு இல்லையென்றால் அதைச் சனத்துக்கு முதலிலேயே சொல்லிவிடும்.

புலமைப்பரிசிலுக்கென்று வங்கியில் நிலையான வைப்பிடும் பழக்கம் நல்லதுதான். ஆனால் 2022ஐ மறக்கக்கூடாது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. வைப்பில் இருந்த ரூபாய் அப்படியே இருந்தது. அதன் வட்டியில் வாங்கிய கொப்பியும் சப்பாத்தும்தான் குறைந்தன. முதல் தொகை முழுவதையும் ரூபாயில் போடாமல் ஒரு பங்கை டொலரிலேயே வைத்திரும். வருசாவருசம் முதலோடு கொஞ்சம் சேர்த்தும் வாரும்.

எதையும் அனுப்ப முன்னம் பள்ளிக்கூடத்தைக் கேளும். கேளாமல் வந்த கணினிகள் உப்புக்காற்றில் கறள் பிடித்துக் கிடந்ததை ஒரு பாடசாலையில் பார்த்திருக்கிறேன். திருத்த ஆளில்லை, மூடிவைக்க அறையில்லை. அதிபரோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடும் பேசி, என்ன வேண்டும், யார் பராமரிப்பார், கணக்கை யார் எழுதுவார் என்று எழுத்தில் வாங்கும். வரவு செலவை வருசம் ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பும். வட்டாரம், கோயில், கட்சி என்ற பிணக்குகளைச் சங்கத்துக்குள் விடாதீர். கணக்கு வெளிச்சமாக இருந்தால் பாதிப் பிணக்கு தானாக அடங்கும்.

பழைய மாணவரால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு வட்டுக்கோட்டையைச் சொல்லும். அமெரிக்க மிசன் அங்கே 1823இல் தொடங்கிய செமினரியில்தான், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் படித்தார்கள். 1855இல் மிசன் அதை மூடிவிட்டது. அங்கே படித்தவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஊரவரோடு சேர்ந்து ஒரு கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள், காசு திரட்டினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. இடையில் பதினேழு வருசம். படித்த இடத்துக்குக் கடன் தீர்ப்பதென்றால் அவ்வளவு பொறுமை வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னம் அதிபருக்கு ஒரு தொலைபேசி எடும். எந்தப் பாடத்துக்கு ஆளில்லை, தங்கும் அறையில் என்ன குறை, பின்னேரம் நிற்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று மூன்றைக் கேளும். பதிலை எழுதிக் கூட்டத்தில் வாசியும். அதன்பிறகு பாதீடு போடுங்கள். அங்கிருந்து பார்க்க முடியாததை நான் படகேறிப் போய்ப் பார்த்து எழுதுவேன். வயதானாலும் அதற்குத் தெம்பிருக்கிறது. தை மாதம் புது வகுப்பு தொடங்க முன்னம் முதல் மாதப்படி வந்து சேர வழிபாரும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லும். நயினை அம்மன் துணை நிற்பாள்.

அன்புடன்,
உமது ரீச்சர்