சிபிலில் தப்பு: யாரிடம் போய் நிற்பது?

கட்டி முடித்த வண்டிக் கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறது. வாங்காத கடனொன்று நம் பெயரில் ஏறியிருக்கிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்து மறுக்கப்படும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. வங்கியைக் கேட்டால் “சிபிலில் கேளுங்கள்” என்பார்கள். சிபிலைக் கேட்டால் “வங்கி கொடுத்ததைத்தான் போட்டிருக்கிறோம்” என்று பதில் வரும். இரண்டும் பாதி உண்மை என்பதால்தான் ஆள் நடுவில் பந்தாக உருள்கிறார். திருத்தும் முதல் பொறுப்பு அந்தத் தகவலை எழுதி அனுப்பிய கடன் நிறுவனத்துடையது என்பதே என் கணிப்பு. புகாரை அங்கே தொடங்கி, அதே நாளில், நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தையும் அதில் இழுத்துவிட வேண்டும்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 21ஆவது பிரிவு, நம் பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. கோரிக்கை வந்த 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கவும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, சம்பந்தப்பட்ட கடன் நிறுவனம் சரி என்று சான்றளித்த பிறகே கடன் தகவல் நிறுவனம் திருத்தலாம் என்றும் கட்டுப்படுத்துகிறது. பேனா வங்கியின் கையில், நோட்டு மட்டுமே சிபிலின் கையில். அதிலும் நோட்டு ஒன்றல்ல, நான்கு. சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர்தான். ஜெராக்ஸ் போல அது பொதுப்பெயராகிவிட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய மூன்றும் இதே வேலையைச் செய்கின்றன. எல்லாக் கடன் நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015இல் உத்தரவிட்டது. ஆகவே வங்கிக் கணக்கில் விழுந்த ஒரு பிழை நான்கு இடங்களில் முளைக்கலாம். ஓரிடத்தில் மட்டும் கிள்ளினால், வங்கி அடுத்த முறை தகவல் அனுப்பும்போது திரும்பவும் தளிர்க்கும்.

எனவே முதல் வேலை அறிக்கையைக் கையில் எடுப்பது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், நான்கையும் எடுங்கள். கடன் மதிப்பெண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்காமல் கணக்குகளுக்குப் போங்கள். கடன் கொடுத்தவர் பெயர், தொடங்கிய, மூடிய தேதிகள், நிலுவை, மாதவாரியாகத் தாமத நாட்கள் என்று வரிவரியாக உங்கள் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். செயலி வழியாக வாங்கிய கடனில் செயலியின் பெயர் இருக்காது. பின்னால் நின்று பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது தெரியாமல் ‘இது என் கடனே இல்லை’ என்று எழுதினால் புகார் அங்கேயே சாய்ந்துவிடும். பேசித் தொகையைக் குறைத்து முடித்த கடன் ‘செட்டில்டு’ என்று நிற்பதும் பிழையல்ல, கசப்பான உண்மைதான். போன வாரம் மூடிய கடன் இன்னும் திறந்திருக்கிறதா? 2025 ஜனவரி முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு சுற்று பொறுத்துப் பாருங்கள்.

அடுத்தது கடிதம். வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்குக் கணக்கு எண், அறிக்கையின் தேதி, தப்பாக நிற்கும் வரி, அது எப்படி இருக்க வேண்டும், அதற்கான ஆதாரம் என்று எழுதுங்கள். ‘என் சிபிலைச் சரி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நிலுவை இல்லை என்ற சான்றையும் கடைசித் தவணை கட்டிய கணக்குப் பட்டியலையும் இணையுங்கள். ‘உங்கள் புத்தகத்தையும் திருத்தி, நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள்’ என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். அன்றே கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் அதே வரியைக் குறிப்பிட்டுப் புகார் பதிந்து, இரண்டு புகார் எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி ஏன் முக்கியம்? முதல் புகார் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முடிக்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் இதில் விடை உண்டு. வங்கி 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் வங்கி கொடுக்க வேண்டும். வங்கி அனுப்பியும் மீதி நாட்களில் பதிவு மாறாவிட்டால் கடன் தகவல் நிறுவனம் கொடுக்க வேண்டும். 100 ரூபாய் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். வீட்டுக் கடன் கைநழுவியவருக்கு அது ஈடாகாதுதான். ஆனால் அதன் பயன் தொகையில் இல்லை. தாமதம் யாருடையது என்று எழுத்தில் சொல்ல வைப்பதில் இருக்கிறது. புகாரிலேயே உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்துவிடுங்கள். 30 நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் செல்லலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் இருக்கின்றன. மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையைப் பற்றிய புகாருக்கு அந்த 100 ரூபாய் இழப்பீடு கிடையாது.

வாடிக்கையாளர் ஆதாரம் காட்டினாலே கடன் தகவல் நிறுவனம் திருத்திவிடலாமே, எதற்கு வங்கியின் சம்மதம் என்பது நியாயமான கேள்வி. அப்படித் திறந்துவிட்டால் கட்டாதவரும் ஒரு காகிதத்தைக் காட்டிப் பதிவை வெளுத்துக்கொள்வார் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் பிழை செய்தவரே சான்றளிக்கும் நீதிபதியாகவும் இருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. அதோடு, இந்தத் திருத்தம் பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் வங்கிப் புத்தகத்தில் உள்ளதே செல்லும் என்கிறது சட்டம். கோபத்தில் முதலில் வழக்குப் போட்டால் திருத்தம் அங்கேயே உறைந்துவிடும். வரிசை மாறக்கூடாது: வங்கி, தகவல் நிறுவனம், குறைதீர்ப்பாளர், கடைசியில் நீதிமன்றம்.

சில ஆயிரம் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று அழைப்பவர்களும் வங்கி, தகவல் நிறுவனம் என்ற இதே இரண்டு கதவுகளைத்தான் தட்ட முடியும். அங்கே திருத்தம் கேட்கக் கட்டணம் எதுவும் இல்லை.