கருவுற்ற தாயும் கொழுப்புச் சேமிப்பும்

நம் உடற்கொழுப்பு, குதிரில் சேர்த்த நெல்லுக்கு ஒப்பாகும். அக்குதிரை நிரப்பி மூடிக் காப்பது இன்சுலின் என்னும் சுரப்புநீர். கருவுற்ற முற்பகுதியில் தாயுடல் கொழுப்பைச் சேமிக்கிறது. பிற்பகுதியில் நஞ்சுக்கொடியின் சுரப்புநீர்கள் இன்சுலினின் ஆற்றலைத் தணிக்கின்றன. கொழுப்புக் கரைந்து தாய்க்கு எரிபொருளாகிறது. சர்க்கரை சிசுவுக்கு மிஞ்சுகிறது. இஃது இயற்கையின் ஏற்பாடு.

நீரிழிவுள்ள தாய்க்கு இன்சுலின் மிகவும் குறையுமாயின், குதிர் திறந்தே கிடக்கும். அளவின்றிக் கரையும் கொழுப்பை ஈரல் கீட்டோன்களாக மாற்றும். இரத்தத்தில் அமிலம் மிகும். தாய், சேய் இருவர் உயிருக்கும் இடர் நேரும்.

ஆகவே, கருவுற்ற பெண்டிர் முதற் பரிசோதனையின்போதும், மீண்டும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். நீரிழிவுள்ளோர் நோன்பென்று பட்டினி கிடத்தலும், ஊசிமருந்தைத் தாமே நிறுத்துதலும் கூடா. வாந்தி நில்லாவிடில் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.