யார் வீட்டில் கூட்டம்?



போன மாதம் உள்கடன் வட்டிக் கணக்கு படித்தோம். இந்த மாதப் பாடத்தில் பணக் கணக்கு இல்லை. ஆனாலும் தீர்மான நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் 15 உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் காலனியில் இருக்கும் பட்டியல் சாதிச் சகோதரிகள். மூவரில் மூத்தவர், வயது ஐம்பதுக்கு மேல், விலகிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார். நோட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது. நாங்கள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டோம்.

"குறை ஒண்ணும் இல்லம்மா. சந்தா கட்டுறேன், கடன் குடுக்குறாங்க, நானும் ஒழுங்கா அடைக்கிறேன். ஆனா கூட்டம் எல்லார் வீட்டுலயும் நடக்குது. எங்க முறை வந்தா மட்டும் பால்வாடிக்குப் போயிடுது."

திரும்பி வந்து நோட்டைப் புரட்டினோம். இரண்டு வருடத்தில் 24 கூட்டங்கள். 18 கூட்டம் பன்னிரண்டு பேர் வீடுகளில் நடந்திருக்கிறது. மீதி 6 கூட்டமும் பால்வாடியில். அந்த ஆறும் இந்த மூவரின் முறை. இதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. அதே நோட்டை நாங்கள் இரண்டு தடவை தணிக்கை செய்திருக்கிறோம். கூட்டுத்தொகை சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, 'கூட்டம் நடந்த இடம்' என்ற வரியைப் படிக்கவே இல்லை. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்று நாம் சொல்லும் ஐந்திலும் அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டவர்களும் நாங்கள்தான்.

குழுவினரிடம் கேட்டபோது, "அவங்க வீட்டுல இடம் பத்தாதுங்க" என்றார்கள். ஊக்குநர் வீட்டுத் தாழ்வாரம் அதைவிடச் சின்னது. அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்து நாங்களும் பயிற்சி நடத்தியிருக்கிறோம். யாரும் திட்டவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு "பால்வாடி வசதியா இருக்கும்" என்று சொன்னதோடு சரி. இந்த மாதிரி மரியாதைக் குறைவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நமக்கு இந்த வலி தெரியாததா? முதன்முதலில் கணக்குத் தொடங்க பேங்குக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். நாற்காலி காலியாக இருந்தும் நம்மை நிற்க வைத்தார்கள். "ஏம்மா, அப்புறம் வா" என்றார்கள். வெளியே வந்து எவ்வளவு பேசினோம்! அந்த இடத்தில் நாம் நின்றோம். நம் ஊரில் நாம் யாரை நிற்க வைக்கிறோம் என்பதுதான் இப்போது கேள்வி.

தெரு கூட்ட வருபவரை 2020-லிருந்து அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று அழைக்கிறது. நம் வாசலில் அவருக்கு என்ன பெயர்? தண்ணீர் கேட்டால் எந்தச் சொம்பில் கொடுக்கிறோம்? நம் அம்மா வயதுள்ளவரை நம் பிள்ளைகள் பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிடும்போது நாம் திருத்துகிறோமா? ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற, கணவரை இழந்த உறுப்பினரை எத்தனை குழுவில் கூப்பிட்டிருக்கிறோம்? (எங்கள் விழாவிலும் முதல் மூன்று வருடம் கூப்பிடவில்லை.)

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வோம். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது; எந்த வடிவத்தில் செய்தாலும் அது குற்றம். டீக்கடையில் எல்லோருக்கும் வைத்திருக்கும் டம்ளரைச் சாதி காரணமாக ஒருவருக்கு மறுப்பது 1955-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. பட்டியல் சாதி, பழங்குடியினரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர், பலர் பார்க்கும்படி சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். 2015-ல் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். ஆனால் 'உன் வீட்டில் டீ குடிக்க மாட்டேன்' என்று வாயால் சொல்லாமல், விரதம் என்று நழுவுகிறவரை எந்தச் சட்டமும் பிடிக்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டம் அந்த அக்கா வீட்டில் என்று தீர்மானம் போட்டார்கள். சண்டை இல்லாமல் நடக்கவில்லை. கூட்டத்தன்று வந்தது ஒன்பது பேர்தான். ஒருவருக்குத் திடீர் தலைவலி, இரண்டு பேர் வீட்டுக்கு விருந்தாளி. மீதிப்பேர் காரணமே சொல்லவில்லை.

அக்கா திண்ணையை மெழுகிக் கோலம் போட்டிருந்தார். ஆளுக்கு ஒன்றாகக் கடையில் வாங்கிய சோடா பாட்டில், மூடி திறக்காமல் வரிசையாக வைத்திருந்தார். தன் அடுப்பில் வைத்ததை யாரும் குடிக்க மாட்டார்கள் என்று அவரே முடிவு செய்திருந்தார். அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

ஊக்குநர்தான் பேசினார். "எனக்கு சோடா ஒத்துக்காதுக்கா. கொஞ்சம் டீ போடுங்க."

அதுவரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஏழு பேர் டீ குடித்தார்கள். இரண்டு பேர் சோடாவோடு நிறுத்திக்கொண்டார்கள். வற்புறுத்தவில்லை. வந்ததே பெரிது என்று விட்டோம். அது சரியா தப்பா என்று எங்களுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் நோட்டை எடுத்து, கடைசி ஒரு வருடத்தில் கூட்டம் நடந்த இடங்களை உரக்கப் படியுங்கள். விடுபட்ட வீடு யாருடையது என்று எழுதி, அந்தத் தாளைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம், வீட்டை மட்டும் எழுதினால் போதும்.

அந்த அக்காவின் விலகல் கடிதம் இன்னும் நோட்டுக்குள்தான் இருக்கிறது. "திருப்பி வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டோம். "இன்னும் ரெண்டு பேரு வீடு பாக்கி இருக்குல்ல. அங்கயும் நடக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார்.