கார்க் கொட்டகையில் மின்னூட்டம்

மின்சாரத்தால் ஓடும் கார்கள் நம் நாட்டு வீதிகளில் பெருகி வருகின்றன. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே இவற்றுக்கு மின்னூட்டலாம் என மத்திய மின்துறை அமைச்சகம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. ஆயின், கொட்டகையில் முன்பே பொருத்தப்பட்டுள்ள சாக்கெட்டு இப்பணிக்கு ஏற்றதா என்பது ஆராயத்தக்கது.

நம் வீடுகளில் இருவகைச் சாக்கெட்டுகள் உள்ளன. மேசை விளக்கு, விசிறி முதலியவற்றுக்குரிய சிறியது 6 ஆம்பியர் தாங்கும். வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றுக்குரிய பெரியது 16 ஆம்பியர் தாங்கும். காருக்குப் பின்னதே உரியது. 230 வோல்ட்டு அழுத்தத்தில் 15 ஆம்பியர் ஓடினால் மின்திறன் 3,450 வாட்டு ஆகும். எட்டு மணி நேரத்தில் 27.6 யூனிட் செலவாகும். இதில் பத்தில் ஒரு பங்கு வீணாயினும், எஞ்சிய 25 யூனிட் பாட்டரியைச் சேரும்.

கொதிகலன் கால் மணி நேரம் இயங்கி ஓய்கிறது. காரோ இரவு முழுவதும் ஓயாது மின்சாரத்தை இழுக்கிறது. இவ்வேறுபாடே கருதத்தக்கது. சாக்கெட்டினுள் உள்ள பித்தளைத் தகடுகள் நாளடைவில் தளர்ந்து களிம்பேறும். அப்போது பிளக்கின் முளை தகட்டைத் தொடும் இடத்தில் தடை மிகுகிறது. இத்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். ஜூல் என்னும் அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். எனவே 5 ஆம்பியரில் 2.5 வாட்டாக இருப்பது 15 ஆம்பியரில் 22.5 வாட்டாகிறது. இது ஈயம் பற்றவைக்கும் சிறு சூட்டுக்கோலின் வெப்பத்துக்கு நிகராகும். மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்கில் இவ்வெப்பம் தேங்கினால் பிளாஸ்டிக்கு உருகும், தீயும் மூளக்கூடும்.

உருகுகம்பி காக்குமே எனக் கருதுவது பிழை. மின்னோட்டம் அளவை மீறினால்தான் உருகுகம்பி அறும். இங்கோ மின்னோட்டம் மீறவில்லை, தொடர்பே கெட்டுள்ளது.

ஆதலால், மின்பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் தனி இணைப்பு அமைத்துப் புதிய சாக்கெட்டு பொருத்துதல் நன்று. நிலத் தொடர்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. நீட்டிப்புக் கம்பி அறவே கூடாது. முதன்முறை மின்னூட்டும்போது, ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துப் பிளக்கின் உறையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடு கையில் உறைத்தாலோ, சாக்கெட்டு கறுத்திருந்தாலோ, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அதனை மாற்றும்வரை மின்னூட்டலாகாது.

மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி காரில் இருப்பின் அதனையும் பயன்படுத்தலாம். 10 ஆம்பியரில் மேற்கூறிய வெப்பம் 10 வாட்டாகத் தணியும். நாள்தோறும் 40 கிலோமீட்டர் செல்லும் சிறிய காருக்கு ஏறத்தாழ 8 யூனிட் போதும். அதனை 10 ஆம்பியரிலேயே நான்கு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடலாம். விடியும்வரை பொழுது இருக்கையில் விரைவு எதற்கு?